பாட்டியின் பாட்டும் பாதாள ரயிலும்

எங்கள் வீட்டில் இரவு எட்டு மணியானால் கொரியாக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். வாசல் வழியாக அல்ல, கைபேசி வழியாக! காலேஜில் படிக்கும் என் அக்காள் பெண் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டும் மறு கையில் கைபேசியுமாக உட்கார்ந்தாளானால், அந்தத் தேசத்து இளைஞர்கள் ஏழு பேர் ஆடிப் பாடி முடிக்கும் வரையில் குழம்பு எது, ரசம் எது என்பது அவளுக்குத் தெரியாது.

என் தாயாருக்கு வயது 78. முதலில் சில நாள் முகத்தைச் சுளித்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேத்தியின் பக்கத்தில் தானும் உட்கார ஆரம்பித்தாள். ஒரு நாள் திடீரென்று கேட்டாள்:

"ஏண்டி, இந்தப் பிள்ளைகள் ஆடுகிறதெல்லாம் சரி. இவர்களுடைய பாட்டிமார் என்ன பாடினார்கள்? நாற்று நடும்போதும், குழந்தையைத் தூங்கப் பண்ணும்போதும் அவர்களும் எதையாவது பாடித்தானே இருப்பார்கள்?"

பேத்தி விழித்தாள். "சித்தியைக் கேளு, பாட்டி. பத்திரிகையில் எழுதுகிறது சித்திதானே!" என்று என் பக்கம் தள்ளிவிட்டாள்.

தெரியாது என்று பெற்ற தாயாரிடம் ஒப்புக்கொள்ளப் பத்திரிகைக்காரிக்கு மனம் வருமா? "நாளைக்குச் சொல்கிறேன், அம்மா" என்று சமாளித்தேன். அந்த நாளை பல நாளாயிற்று. அம்மாவுக்காகத் தேடித் திரட்டிய விவரங்களைத்தான் இப்போது உங்களிடமும் சொல்லப் போகிறேன்.

சுரங்கத்துக்குள்ளே அறுவடைப் பாட்டு

சியோல் நகரத்தில் ஆரம்பிப்போம். தென் கொரியாவின் தலைநகர். பூமிக்கு மேலே எத்தனை ஜனங்களோ, அதே அளவுக்குப் பூமிக்கு அடியிலும் பாதாள ரயிலில் ஓடிக்கொண்டிருப்பார்களோ என்று தோன்றும். இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கும் நிலையத்தை வண்டி நெருங்கும்போது, "இங்கே இறங்கி வேறு வண்டி மாறலாம்" என்ற அறிவிப்போடு ஒரு மெட்டும் ஒலிக்கும். மணியடிக்கிற ஓசையல்ல; ஊதல் அல்ல; நாட்டு வாத்தியங்களில் வாசித்த துள்ளலான இசை.

2009 முதல் பதினான்கு வருஷ காலம் அங்கே ஒலித்த மெட்டின் பெயர் "ஓல்சிகுயா". நம் ஊரில் "பலே!" "சபாஷ்!" என்கிறோமே, அந்த மாதிரி ஓர் உற்சாகக் குரல்தான் அது. 2023-ல் அதை மாற்றினார்கள். மாற்றி வைத்த மெட்டுக்குப் பெயர் "புங்னியோன்". அப்படியென்றால் "நல்ல விளைச்சல் கண்ட வருஷம்" என்று அர்த்தம்!

யோசித்துப் பாருங்கள். கண்ணாடி மாளிகைகளில் உத்தியோகம் பார்க்கப் போகிறவர்கள். அவர்களில் எத்தனை பேர் வயலில் கால் வைத்திருப்பார்கள்? ஆனாலும் பூமிக்கு அடியில், மின்சார வண்டியில், அறுவடைப் பாட்டின் ஜாடை அவர்கள் காதில் விழுகிறது. கொரிய நாட்டு இசைக்கு இன்றைய வாழ்வில் உள்ள இடம் என்ன என்று கேட்டால், இந்த ஒரு காட்சியிலேயே பாதி பதில் இருக்கிறது. அந்த இசை போய்விடவில்லை. ஆனால் இருந்த இடத்திலும் இல்லை.

துணி வெளுக்கும் ஓசையும் சங்கீதமே

கொரியர்கள் தங்கள் பழைய இசை முழுவதற்கும் "குகாக்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தேசத்தின் இசை என்பது பொருள். அரண்மனையில் வாசித்தது ஒரு வகை. ஜனங்கள் பாடியது ஒரு வகை. ஜனங்களின் பாட்டுக்கு "மின்யோ" என்று பெயர். அரண்மனை இசையை எழுதி வைத்துக் காப்பாற்ற உத்தியோகஸ்தர்கள் இருந்தார்கள். மின்யோவைக் காப்பாற்றியவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள்தான், அதுவும் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்.

பழைய கொரிய வீட்டில் துணி தோய்ப்பதோடு பெண்களின் வேலை முடியாது. கஞ்சி போட்டு, மடித்து, வழவழப்பான ஒரு கல்லின் மேல் வைப்பார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் மாமியார். அந்தப் பக்கம் நாட்டுப் பெண். இருவர் கையிலும் இரண்டிரண்டு மரக் கட்டைகள். மாற்றி மாற்றி அடிப்பார்கள். சுருக்கம் நீங்கித் துணி பளபளப்பாகும் வரையில், நடு நிசி வரையிலும்கூட, அந்தத் தாளம் தெருவெல்லாம் கேட்கும். ஒரு குடும்பம் சுபிட்சமாக இருக்கிறது என்பதற்கு மூன்று ஓசைகள் அடையாளம் என்பது அந்த நாட்டு வழக்கு: குழந்தை அழும் ஓசை, பிள்ளைகள் பாடம் படிக்கும் ஓசை, துணி அடிக்கும் இந்த ஓசை.

சுபிட்சத்தின் அடையாளம் என்று கேட்டு ரசித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அடித்தவளுக்குத் தோள் வலிதான்! அந்த வலியை அவள் எங்கே சொல்வாள்? பாட்டில்தான் சொன்னாள். நூல் நூற்கும்போது ஒரு பாட்டு. தறியில் உட்கார்ந்தால் ஒரு பாட்டு. புக்ககத்தில் படுகிற பாட்டைச் சொல்வதற்கென்றே ஒரு தனி ரகப் பாட்டு. மாமியாரின் கண், நாத்தனாரின் நாக்கு, பிறந்தகத்துக்குப் போகிற வழி, எல்லாம் அதில் வரும். நேரே சொன்னால் வம்பு. பாட்டாகச் சொன்னால், "சும்மா பாடினேன்" என்று சொல்லிவிடலாம் அல்லவா?

இப்போது மின்சார இஸ்திரிப் பெட்டி வந்துவிட்டது. தோள் வலி போயிற்று. நல்லதுதான். தாளமும் அதோடு போயிற்று.

துடுப்பு போனது, பாட்டும் போனது

இதற்கு இன்னும் பெரிய உதாரணம் ஜேஜூ தீவில் இருக்கிறது. கொரியாவின் தென்கோடியில் உள்ள தீவு. அங்கே கடலில் முத்துச்சிப்பியைப் போன்ற சிப்பி வகைகளும் கடற்பாசியும் எடுப்பது பெண்களின் தொழில். "ஹென்யோ" என்பார்கள் அவர்களை. மூச்சுக் கருவி எதுவும் கிடையாது. ஒரு நிமிஷம் மூச்சை அடக்கிக்கொண்டு 10 மீட்டர் ஆழம் வரை இறங்கிவிடுவார்கள். மேலே வந்ததும், அடக்கிய மூச்சைச் சீட்டி அடிப்பது போல் வெளியே விடுவார்கள். அந்தச் சீட்டிக்கு ஒரு பெயரே உண்டு: "சும்பிசோரி". தூரத்திலிருந்து கேட்டால் ஏதோ கடற்பறவை கூவுகிறது என்றே நினைப்போம்.

அந்தக் காலத்தில் இந்தப் பெண்கள் படகுகளைத் தாங்களே துடுப்புப் போட்டுச் செலுத்தினார்கள். எதிர்க் கரையில் உள்ள பெருநிலம் வரையிலும் போய் வேலை செய்தார்கள். துடுப்பு வலிக்க வலிக்கப் பாடினார்கள். ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். "இயோதோ" என்ற ஒரு தீவைப் பற்றிய பேச்சு அதில் அடிக்கடி வரும். கடலுக்குப் போய்த் திரும்பி வராத புருஷர்களும் மகன்களும் சுகமாக வாழ்கிற தீவு அது என்று நம்பிக்கை. திரும்பி வராதவனைத் தேடிக்கொண்டே, திரும்பி வர வேண்டுமே என்ற கவலையோடு துடுப்புப் போட்டவர்கள் பாடிய பாட்டு!

மோட்டார்ப் படகு வந்தது. துடுப்புக்கு வேலையில்லை. துடுப்புக்குப் பிறந்த பாட்டுக்கு மட்டும் வேலை எங்கிருந்து வரும்? 1971-ல் ஜேஜூ அரசாங்கம் இந்தப் பாட்டைத் தீவின் கலைச் செல்வங்களில் முதலாவதாகப் பதிவு செய்தது. 2016-ல் ஹென்யோ வாழ்க்கை முறை முழுவதையும் ஐ.நா.வின் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகச் செல்வம் என்று அங்கீகரித்தது. ஆனால் 1970-ல் சுமார் 14,000 பேராக இருந்த இந்தப் பெண்கள் இப்போது 3,000-க்கும் குறைவு. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டிய பாட்டிமார். பாட்டைக் காப்பாற்றிவிடலாம். மூச்சடக்குகிறவளை எப்படிக் காப்பாற்றுவது?

நிலவில் ஒரு வட்டம்

எல்லாம் சோகக் கதை என்று எண்ணிவிட வேண்டாம். "கங்காங்சுல்லே" என்று ஒன்று உண்டு. கொரியாவின் தென்மேற்குக் கடற்கரைக் கிராமங்களில், அறுவடைப் பண்டிகையான சூசோக் பௌர்ணமி அன்று இரவு, பெண்கள் மட்டும் கைகோத்து வட்டமாக நின்று பாடி ஆடுவது. மெல்ல நடப்பதில் தொடங்கும், நடை வேகமாகும், கடைசியில் ஓட்டமாகவே ஆகிவிடும். வெறும் வட்டமும் அல்ல. பாய் விரித்துச் சுருட்டுவது, கூரை ஓட்டின் மேல் நடப்பது, எலி பிடிப்பது, மீனைக் கயிற்றில் கோப்பது என்று வீட்டுக் காரியங்களையெல்லாம் விளையாட்டாக்கி ஆடுவார்கள்.

பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஜப்பானியர் படையெடுத்து வந்தபோது, யி சுன் சின் என்ற கடற்படைத் தளபதி பெண்களை மலை மேல் தீயைச் சுற்றி வட்டமிடச் சொன்னாராம். தூரத்தில் கப்பலிலிருந்து பார்த்த எதிரிகள், "அடேயப்பா! எத்தனை பெரிய சைன்யம்!" என்று பயந்து போனார்களாம். இது கர்ண பரம்பரைக் கதை. உண்மையோ இல்லையோ, அழகான கதை.

அந்தக் காலத்தில் கிராமத்து இளம் பெண்கள் இரவில் வெளியே வரவும், வாய்விட்டுப் பாடவும் அனுமதி கிடைத்த அபூர்வமான நாட்களில் அது ஒன்று. வருஷம் முழுவதும் அடக்கி வைத்த குரல் ஒரு பௌர்ணமியில் வெளிவந்தால் எப்படி இருந்திருக்கும்! 2009-ல் இதுவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இப்போது நகரத்தில் வாழும் நடுத்தர வயதுப் பெண்கள் கூடி இதைக் காப்பாற்றி வருகிறார்கள். ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறார்கள்.

ஒரு பாட்டு, 3,600 வடிவம்

"கொரியப் பாட்டு ஒன்று சொல்" என்று கேட்டால், எந்தக் கொரியரும் முதலில் சொல்வது "அரிராங்". தேசிய கீதம் அல்ல. ஆனால் அதைவிட நெருக்கமானது. ஒரு மலைக் கணவாய். அதைத் தாண்டிப் போகிற ஒருவன். இந்தப் பக்கம் நின்று பார்க்கிற ஒருத்தி. அவ்வளவுதான் விஷயம். "அரிராங்" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பண்டிதர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பாடுகிறவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஊருக்கு ஊர் மெட்டு மாறும். ஜோங்சோன் மலைப் பிரதேசத்தில் நிதானமாக இழுத்துப் பாடுவார்கள். ஜிந்தோ தீவில் குலுங்கக் குலுங்கப் பாடுவார்கள். மிர்யாங்கில் கம்பீரமாக ஒலிக்கும். சுமார் 60 வகை, அவற்றில் 3,600 வடிவங்கள் என்று நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பல்லவியை வைத்துக்கொண்டு அவரவர் மனத்தில் உள்ளதைச் சரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் ரகசியம். கடன்காரனைத் திட்டலாம், காதலனைக் கூப்பிடலாம், மாமியாரைப் பற்றியும் ஒரு சரணம் போடலாம்!

இன்று உலகம் முழுவதும் தெரிந்த அரிராங் மெட்டு பரவியதற்குக் காரணம் ஒரு சினிமா என்றால் ஆச்சரியமாக இல்லையா? 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. 1926-ல் நா உன் கியூ என்ற இளைஞர் "அரிராங்" என்ற பெயரில் ஒரு மௌனப் படம் எடுத்தார், அவரே கதாநாயகன். மௌனப் படத்தில் பாட்டேது என்கிறீர்களா? கொட்டகையில் பக்கத்தில் நின்று பாடினார்கள். கடைசிக் காட்சியில் கதாநாயகனைக் கைது செய்து கணவாய்க்கு அப்பால் கொண்டு போகும்போது ஜனங்கள் அழுதுகொண்டே சேர்ந்து பாடினார்கள். அந்தப் படத்தின் பிரதி இப்போது இல்லை, தொலைந்துவிட்டது. பாட்டு மட்டும் தொலையவில்லை.

1937-ல் ஸ்டாலின் ஆட்சியில் ரஷ்யாவின் கீழ்க்கோடியில் இருந்த கொரியர்கள் சுமார் 1,70,000 பேரை ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களோடு அரிராங்கும் போயிற்று. பின்னால் தேசம் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. எதிலும் ஒத்துப் போகாத அந்த இரண்டு அரசாங்கங்களும் 2000-ல் சிட்னி ஒலிம்பிக் திறப்பு விழாவில் தங்கள் வீரர்களைச் சேர்ந்து நடக்கவிட்டன. அப்போது எந்தத் தேசிய கீதத்தை வாசிப்பது? யார் கீதத்தை வாசித்தாலும் மற்றவருக்குக் கோபம் வருமே! அரிராங்கை வாசித்தார்கள். தெற்கு 2012-லும் வடக்கு 2014-லும் தனித்தனியே யுனெஸ்கோவில் அதே பாட்டைப் பதிவு செய்துகொண்டன. பாகப் பிரிவினையில் பிரிக்க முடியாத ஒரு சொத்து!

ஒரு விசிறி, ஒரு மத்தளம்

இனிப் "பான்சோரி"யைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதையைப் பாட்டாகவும் பேச்சாகவும் அபிநயமாகவும் ஒருவரே நடத்துவது. கையில் ஒரு விசிறி. பக்கத்தில் ஒருவர் "புக்" என்ற மத்தளத்தோடு உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் கச்சேரி. விசிறியை விரித்தால் கடிதம், மடித்தால் கைத்தடி. ஒரு கதையை முழுவதும் பாடி முடிக்க எட்டு மணி நேரம்கூட ஆகும். பன்னிரண்டு கதைகள் இருந்தன. இப்போது பாட்டோடு மிஞ்சியவை ஐந்து.

அவற்றில் ஒன்று சிம்சோங் என்ற பெண்ணின் கதை. தகப்பனாருக்குக் கண் தெரியாது. கோவிலுக்கு 300 மூட்டை அரிசி காணிக்கை கொடுத்தால் பார்வை வரும் என்று சொல்ல, அந்த அரிசிக்காக மகள் தன்னையே கடலுக்குப் பலியாக மாலுமிகளிடம் விற்றுக்கொள்கிறாள். கடலரசன் அவளைக் காப்பாற்றித் தாமரை மலரில் வைத்துத் திருப்பி அனுப்புகிறான், அவள் ராணியாகிறாள். தகப்பனாரைத் தேடுவதற்காக நாட்டில் உள்ள குருடர்கள் எல்லோருக்கும் விருந்து வைக்கிறாள். மகளின் குரலைக் கேட்டதும், "எங்கே, என் பெண்ணை நான் பார்க்க வேண்டுமே!" என்ற தவிப்பில் கிழவருக்குக் கண் திறந்துவிடுகிறது. இந்த இடத்தில் சபையில் கண் கலங்காதவர் இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று முயலின் கதை. கடலரசனுக்கு வியாதி. முயலின் ஈரல்தான் மருந்து. ஆமை கரைக்கு வந்து முயலை ஏமாற்றி அழைத்துப் போகிறது. "அடடா! ஈரலைக் கரையிலேயே வைத்துவிட்டு வந்தேனே" என்று சொல்லி முயல் தப்பித்துவிடுகிறது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஆம், முதலையிடமிருந்து தப்பிய நம் பஞ்சதந்திரக் குரங்கின் கதைதான். பௌத்தக் கதைகளோடு இங்கிருந்து புறப்பட்டுச் சீனா வழியாக அங்கே போய்க் குரங்கு முயலாகிவிட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

பான்சோரிக்கு வேண்டிய குரல் தேன் குரல் அல்ல. கரகரத்த குரல், அடிபட்ட குரல். அதற்காகப் பாடகர்கள் மலைக்குப் போய் அருவியின் இரைச்சலை மீறித் தங்கள் குரல் கேட்கும் வரை சாதகம் செய்வார்களாம். வெகு காலம் அது ஆண்களுக்கே உரிய கலையாக இருந்தது. சின் ஜே ஹியோ என்ற பெரியவர் ஜின் சே சோன் என்ற பெண்ணுக்குத் துணிந்து சொல்லிக் கொடுத்தார். 1867-ல் அரண்மனையைப் புதுப்பித்துக் கட்டிய விழாவில் அவள் பாடினாள். பான்சோரி பாடிய முதல் பெண் என்று சரித்திரத்தில் பெயர் பெற்றாள். அதற்குப் பிறகும், பாடுகிற பெண் என்றால் ஊரார் ஒரு மாதிரியாகப் பார்ப்பது ஓயவில்லை. 1948-ல் பெண் கலைஞர்கள் தனிச் சங்கம் கண்டு, ஆண் வேஷங்களையும் தாங்களே போட்டு, இசை நாடகங்கள் நடத்தினார்கள். 1950-களில் அந்த நாடகங்களுக்கு இருந்த மோகம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகு சினிமாவும் டெலிவிஷனும் வந்து மேடையைக் காலி செய்துவிட்டன.

பான்சோரியில் இன்னொரு விசேஷம். சபையில் இருப்பவர்கள் சும்மா இருக்கக் கூடாது! "ஓல்சிகு!" "நன்று!" என்று பாட்டின் நடுவே குரல் கொடுக்க வேண்டும். அதற்குச் "சூயிம்சே" என்று பெயர். மத்தளக்காரரும் கொடுப்பார். "முதல் ஸ்தானம் மத்தளக்காரருக்கு, இரண்டாவதுதான் பாடகருக்கு" என்று ஒரு பழமொழியே உண்டு. பாடுகிறவரைத் தாங்கிப் பிடிக்க ஒரு குரல் வேண்டும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

குண்டு மழையில் ஒரு வீணை

1950-ல் யுத்தம் மூண்டது. ஜனங்கள் தென்கோடித் துறைமுகமான பூசானுக்கு ஓடினார்கள். தங்க இடமில்லை, தின்னச் சோறில்லை. அந்த நிலைமையில், 1951-ல், அந்தப் பூசானிலேயே அரசாங்கம் தேசிய இசைக் கழகத்தைத் திறந்தது! அதே வருஷம், அதே ஊரில், அகதியாக வந்த ஒரு பள்ளிச் சிறுவன் கயாகம் என்ற பன்னிரண்டு தந்தி வாத்தியத்தைக் கேட்டான். மயங்கிக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தான். பிற்பாடு சட்டப் படிப்பும் படித்தான். ஆனால் உலகம் அவரை அறிந்தது கயாகம் மேதை ஹுவாங் பியோங் கி என்றுதான். பழைய வாத்தியத்துக்குப் புதிய சாகித்தியங்கள் செய்த அவர் 2018-ல் காலமானார்.

யுத்தம் முடிந்து தொழிற்சாலைகள் எழுந்தன. கிராமங்கள் காலியாயின. பழைய பாட்டு பாடினால் பட்டிக்காடு என்ற எண்ணம் வளர்ந்தது. 1962-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கலைகளைத் தேசியச் செல்வங்களாக அறிவித்து, அவற்றை அறிந்த பெரியவர்களுக்கு மானியம் கொடுத்துச் சீடர்களுக்குக் கற்றுத் தரச் செய்வது அதன் நோக்கம். அவர்களை ஜனங்கள் "மனிதச் செல்வங்கள்" என்று அழைத்தார்கள். 1968-ல் பாக் தோங் ஜின் என்ற பாடகர் ஒரு பான்சோரிக் கதையை ஐந்து மணி நேரம் தனியாளாக முழுவதும் பாடிக் காட்டினார். அடுத்த வருஷம் எட்டு மணி நேரம்! செத்துவிட்டது என்று நினைத்த கலை எழுந்து உட்கார்ந்தது.

புதிய சபை

1978-ல் சியோலில் ஒரு சின்ன அரங்கு. கிராமத்துத் திருவிழாக்களில் ஊர் சுற்றி முழங்கிய தாள வாத்தியங்களில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு சில இளைஞர்கள் மேடையில் உட்கார்ந்தார்கள். சிறு தாளம் இடி, பெரிய தாளம் காற்று, உடுக்கை வடிவான ஜாங்கு மழை, புக் மேகம் என்பது ஐதிகம். "சாமுல்நோரி" என்று பெயர். அவர்களில் கிம் தோக் சூ ஐந்து வயதிலிருந்தே ஊர் ஊராகப் போன கூத்து ஜமாவோடு திரிந்தவர். அன்று அந்தச் சின்ன அரங்கில் எழுந்த முழக்கம் உலகத்தின் பெரிய நகரங்களில் எல்லாம் கேட்டது.

1993-ல் "சொப்யோன்ஜே" என்ற படம் வந்தது. மகளின் குரலில் துயரம் ஏற வேண்டும் என்று தகப்பனே அவள் கண்ணைக் குருடாக்கிவிடுகிற கொடூரமான கதை. வருஷங்கள் கழித்துத் தம்பி தேடி வருகிறான். இரவு முழுவதும் அவன் மத்தளம் வாசிக்க, அவள் பாடுகிறாள். யார் என்று இருவருக்கும் தெரியும், இருவரும் சொல்லிக்கொள்வதில்லை. சியோலில் மட்டும் பத்து லட்சம் பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். அதுவரை எந்தக் கொரியப் படத்துக்கும் அத்தனை கூட்டம் கூடியதில்லை.

2020-ல் இன்னொரு வேடிக்கை. "லீ நல்ச்சி" என்ற கோஷ்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பான்சோரிப் பாடகர் ஒருவரின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேஸ் கிடார், ஒரு டிரம், பான்சோரி முறையாகக் கற்ற பாடகர்கள். நம் முயல் கதையில் ஒரு காட்சியைப் பாடினார்கள். ஆமை வெகு தூரம் நீந்தி வந்ததில் தாடை மரத்துப் போய், "முயலாரே!" என்று கூப்பிட நினைத்து, வாய் குழறிப் "புலியாரே!" என்று கூப்பிட்டுவிடுகிறது. உடனே புலி இறங்கி வருகிறது! இந்தப் பாட்டோடு சேர்ந்த ஆட்டத்தைக் கொரிய சுற்றுலா இலாகா படம் பிடித்து வெளியிட, கோடிக்கணக்கான தடவை உலகம் பார்த்தது. அதே வருஷம், எங்கள் வீட்டுப் பெண் பார்க்கும் பி.டி.எஸ். கோஷ்டியின் சுகா, அந்தக் காலத்து ராஜ ஊர்வல வாத்தியங்களை முழங்கவிட்டு "தேச்வித்தா" என்று ஒரு பாட்டுப் போட்டார். அரண்மனை ஊர்வலத்தில் முழங்கிய அந்த இசைக்கே அதுதான் பெயர். 2024-ல், 1950-களின் பெண்கள் நாடகக் கம்பெனிகளைப் பற்றி "ஜோங்னியோன்" என்ற டெலிவிஷன் தொடர் வந்தது. காலியான மேடையில் மறுபடியும் விளக்கு எரிந்தது.

இனி என்ன?

இதெல்லாம் வெற்றியா? பழைமையைக் காக்கிறவர்களிலே சிலருக்கு மனக்குறை உண்டு. எட்டு மணி நேரக் கதையில் மூன்று நிமிஷத்தைக் கிள்ளி எடுத்து ஆட்டம் போட்டால், மீதி என்ன ஆகும் என்கிறார்கள். இளைஞர்களுக்கும் குறை உண்டு. குருநாதர் பாடியபடி அட்சரம் பிசகாமல் பாட வேண்டும் என்றால், அவரவர் சரணம் சேர்த்துப் பாடிய அந்தப் பழைய பாட்டுக்கே அது துரோகம் அல்லவா என்கிறார்கள். 2022-ல் பள்ளிப் பாடத் திட்டத்தைத் திருத்தியபோது, நாட்டு இசைக்கு இடம் குறைந்துவிடும் என்று கலைஞர்கள் கண்டனக் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. 2023-ல் நாட்டு இசையை வளர்க்க ஒரு தனிச் சட்டம் இயற்றினார்கள். அதன்படி ஜூன் 5-ஆம் தேதி தேச இசை நாள். 2025-ல் முதல் தடவையாகக் கொண்டாடினார்கள். ஒன்றுக்கு ஒரு நாள் ஒதுக்கிக் கொண்டாடுகிறோம் என்றால், மற்ற 364 நாளும் அதற்கு ஆபத்து என்றுதான் அர்த்தம்!

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இரு தரப்பாரும் வேண்டும். முழுக் கதையையும் மனப்பாடமாக வைத்திருக்கும் பெரியவர் இல்லாவிட்டால், கிடார்க்காரப் பிள்ளை எதைக் கிள்ளி எடுப்பான்? கிடார்க்காரப் பிள்ளை இல்லாவிட்டால், பெரியவரிடம் போய்க் கதவைத் தட்ட யாருக்குத் தோன்றும்? ஆனால் இரண்டு பேரும் சேர்ந்தாலும் செய்ய முடியாதது ஒன்று உண்டு. துடுப்பையும் துணி அடிக்கும் கல்லையும் திருப்பிக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் வேண்டாம். அந்தக் கஷ்டங்கள் போனது போனதாகவே இருக்கட்டும். ஒருத்தி அடி எடுத்தால் மற்றவர்கள் ஏற்றுப் பாடினார்களே, அந்த வழக்கத்தைத்தான் காப்பாற்ற வேண்டும். எதிர்க் குரல் இருக்கும் வரையில் பாட்டு சாகாது.

இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னேன். துணி அடிக்கும் கல்லைப் பற்றிச் சொன்னபோது அவள் தன் வலது தோளைத் தடவிக்கொண்டாள். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, "அந்த அரிராங்கைப் போடு, கேட்போம்" என்றாள். கைபேசியில் ஒரு கிழவி கரகரத்த குரலில் பாடினாள். பாஷை புரியவில்லை. பாட்டு முடிந்ததும் அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், யாரும் கேட்காமலே, தன் தாயார் நடவு வயலில் பாடிய பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தாள். நான் பிறந்தது முதல் இந்த வீட்டில் இருக்கிறேன். அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லை.

இரண்டாவது அடியில் அவளுக்கு மறந்துவிட்டது. நிறுத்திவிட்டாள்.

"உம், அப்புறம் பாட்டி?" என்று என் அக்காள் பெண் கைபேசியைக் கீழே வைத்தாள்.

மூன்றாவது அடி வந்தது.